ஏலக்காட்டு ஜீப்பும் எஃப்.சி.யும்: தகுதிச் சோதனை யாருக்காக?

“விபத்து நடந்த நாளில் மேற்படி வாகனத்துக்குச் செல்லத்தக்க தகுதிச் சான்று இல்லை. அனுமதிச் சீட்டும் இல்லை. ஆகவே இழப்பீடு வழங்கும் கடப்பாடு இந்நிறுவனத்துக்கு இல்லை.”

மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் தரப்பில் ஆஜராகும் எவருக்கும் காப்பீட்டு நிறுவனங்களின் இந்த வாதம் மனப்பாடம். சொற்கள் மாறும், சாரம் மாறாது. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் ஏலக்காட்டு ஜீப்புகளைப் பொறுத்தவரை இதில் கசப்பான ஒரு வேடிக்கை உண்டு. அந்த வண்டியின் தகுதிச் சான்றைப் பற்றி யாரேனும் அக்கறையோடு விசாரிப்பது பெரும்பாலும் அதுவே முதல் தடவை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் விடியலில் சோதனைச் சாவடியைக் கடந்து சென்ற வண்டி அது. அப்போதெல்லாம் கேட்கப்படாத கேள்வி, அதில் சென்ற பெண் இறந்த பிறகு, அவளுடைய பிள்ளைகளுக்கு எதிராகக் கேட்கப்படுகிறது.

போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பகுதிகளிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களுக்கு அன்றாடம் ஏறி இறங்கும் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்களில் கணிசமானோர் நிலமற்ற தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நாட்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடைபெறும் இரண்டே ஊர்களில் ஒன்று போடி. மற்றொன்று இடுக்கியின் புற்றடி. அந்தக் காயை எடுக்கும் கைகள் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, தூக்குவாளியில் சோறு அடைத்து, தெருமுனையில் ஜீப்புக்காகக் காத்திருக்கின்றன. ஒன்பது அல்லது பத்து இருக்கைகளுக்குப் பதிவான வண்டியில் பதினைந்து பேரும் பதினெட்டுப் பேரும் ஏறுகிறார்கள். முந்தலில் தொடங்கும் ஏற்றம் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் முடிகிறது. ஏறத்தாழ 1000 மீட்டர் உயர வேறுபாடு. மாலையில் அதே வழியே இறக்கம். காய் எடுப்புக் காலமும் மழை, மூடுபனிக் காலமும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

பலகையின் நிறமும் பயன்பாடும்

இந்த ஜீப்புகளில் பல வெள்ளைப் பலகை வண்டிகள். அதாவது, உரிமையாளரின் சொந்தப் பயன்பாட்டுக்கென்று பதிவு செய்யப்பட்டவை. சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குப் பின் புதுப்பிக்கப்படும். இடைப்பட்ட 15 ஆண்டுகளில் அது தகுதிச் சோதனைக்குப் போக வேண்டியதே இல்லை. போக்குவரத்து வாகனமாகப் பதிவானவை அப்படியல்ல. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 62ஆம் விதிப்படி, எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், எட்டு வயதைக் கடந்தபின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும்.

ஆக, காய்கறி ஏற்றும் சிறு சரக்கு வேன் எட்டு வயதைக் கடந்தபின் ஆண்டுதோறும் சோதிக்கப்படுகிறது. பதினெட்டுப் பெண்களை ஏற்றும் ஜீப் 15 ஆண்டுகள் சோதிக்கப்படுவதில்லை.

சட்டம் இதை அனுமதிக்கிறது என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(35)ஆம் பிரிவு, கூலிக்கோ வாடகைக்கோ ஆட்களை ஏற்றப் பயன்படும் எந்த மோட்டார் வாகனத்தையும் பொதுச் சேவை வாகனம் என்கிறது. கவனிக்க வேண்டிய சொல் “பயன்படும்” என்பது. தோட்ட உரிமையாளரே தம் சொந்த ஜீப்பில் தொழிலாளர்களைக் கட்டணமின்றி ஏற்றிச் சென்றாலும், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியாக இருப்பின், 2(33)ஆம் பிரிவின்படி அது தனியார் சேவை வாகனம். இவ்விரண்டுமே 2(47)ஆம் பிரிவில் போக்குவரத்து வாகனத்துக்குள் அடக்கம். போக்குவரத்து வாகனத்துக்குத் தகுதிச் சான்று இல்லையெனில் அது முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது என்கிறது 56ஆம் பிரிவு. பலகை எந்த நிறமாயினும், தொழிலாளர் ஏறிய கணத்தில் அந்த ஜீப் சட்டத்தின் கண்ணில் பதிவற்ற வண்டியாகிவிடுகிறது. இந்த அடிப்படையில் நடவடிக்கை எடுக்க இரு மாநில அரசுகளுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருப்பதை வாசித்தாலே போதும்.

சோதனை எதைப் பார்க்கிறது?

சரி, எல்லா ஜீப்புகளும் நாளையே மஞ்சள் பலகைக்கு மாறி எஃப்.சி.க்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சான்றை நம்பி நம் வீட்டுப் பெண்களை ஏற்றலாமா?

எஃப்.சி.க்கு வண்டியைத் “தயார் செய்வது” என்பது தனித்தொழில். வண்ணம் பூசுவார்கள், ஒளிரும் பட்டை ஒட்டுவார்கள், முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் வந்து சேரும், தேய்ந்த டயரைக் கழற்றி அன்றைக்கு மட்டும் நல்ல டயரை மாட்டுவதும் உண்டு. பட்டறைகளில் இதை யாரும் இரகசியமாகப் பேசுவதில்லை. பழைய வண்டி வாங்குபவர் “எஃப்.சி. கரண்ட்ல இருக்கா?” என்று கேட்பது வண்டியின் உடல்நிலையை அறிவதற்கன்று, அடுத்த செலவு எப்போது வரும் என்று கணக்கிடுவதற்கே. சான்று என்ற சொல்லின் பொருள் சந்தையில் எப்போதோ மாறிவிட்டது.

கையூட்டும் ஏமாற்றும் மட்டுமே இதற்குக் காரணம் என்று முடித்துவிட முடியாது. நேர்மையாகச் செய்யப்படும் சோதனையிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. சோதனை நாளன்று வண்டி வெறுமையாக நிற்கிறது. சமதளத்தில் சிறிது தூரம் ஓடுகிறது. பிரேக் குளிர்ந்திருக்கும்போது பிடிக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. முந்தல் இறக்கத்தில் வண்டி கேட்பது வேறு கேள்வி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜீப்பும் ஆட்களும் சேர்ந்து இரண்டரை டன் என்று கொண்டால், 1000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 24.5 மெகா ஜூல். சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. குறைந்த கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை என்ஜின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்முக்கும் ஷூவுக்குமே போகும். சூடேறிய ஷூவின் பிடிப்பு தளரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான அளவு 140 மட்டுமே. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயில் டிரம்மின் வெப்பத்தில் கொதித்து ஆவியானால், குழாயில் அழுத்தம் நிற்காது. பெடல் தரைவரை போகும். காலையில் குளிர்ந்த பிரேக்கோடு எஃப்.சி.யில் தேறிய அதே வண்டிதான் இது.

பிரேக்கோடு நிற்பதில்லை இந்தப் பழைய வண்டிகளின் நோய்கள். வருடக்கணக்கான மிகைச்சுமையில் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். கிங் பின்னிலும் டை ராட் முனையிலும் ஆட்டம் கண்டிருக்கும். ஸ்டியரிங்கைக் கால் சுற்றுத் திருப்பிய பிறகே சக்கரம் அசையும். மலை ஈரத்தில் சேஸிஸ் துருப்பிடித்து, அந்தத் துருவின் மேல் வெல்டிங் வைத்துக் கூடுதல் பெஞ்சு பொருத்தியிருப்பார்கள். பின்கதவை அகற்றிவிட்டுச் சங்கிலி கட்டிய வண்டிகளும் உண்டு. ரீட்ரெட் டயர் தன்னளவில் குற்றமன்று. வெப்பமும் பாரமும் சேரும்போது அதன் மேற்பட்டை உரியும் என்பதே அச்சம். கை பிரேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கல் வைக்க ஓடும் பையனே கை பிரேக்.

2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தானியங்கிச் சோதனை நிலையங்களைக் கட்டாயமாக்க வழிசெய்தது. 2021இல் அதற்கான விதிகள் வந்தன. நடைமுறைத் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனது. உருளைமீது சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக் விசையை அளக்கும் கருவி, ஆய்வாளரின் கண் மதிப்பீட்டைவிட நிச்சயம் மேலானது. இடது வலது ஏற்றத்தாழ்வை அது மறைக்காமல் சொல்லிவிடும். வரவேற்போம். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் சில நிமிடங்களில் முடியும் அளவீடு, நாளுக்கு ஒருமுறை மலையிறங்கும் வண்டியின் ஒருவாரத் தேய்மானத்தைக்கூடப் பார்க்காது. மலைத்தடத்தில் ஆட்களை ஏற்றும் வண்டிகளுக்குச் சுமையோடு கூடிய சோதனையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் பிரேக் ஆய்வும் தனி நிபந்தனையாக வேண்டும். அனுமதிச் சீட்டில் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இறந்தபின் வரும் சட்டம்

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டின் மானந்தவாடி அருகே, தேயிலைத் தோட்ட வேலை முடித்துத் திரும்பிய பெண்களின் ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். போடி மலையில் இருப்போருக்கு அந்தச் செய்தி வேற்றூர்ச் செய்தியாகத் தோன்றவில்லை. அதே வகை வண்டி, அதே மாலை நேரம், அதே வேலை.

இத்தகைய ஒரு விபத்தில் காப்பீட்டின் நிலை என்னவாகும்? வெள்ளைப் பலகை ஜீப்புக்குச் சட்டக் கட்டாயத்துக்கென எடுக்கப்பட்ட வெறும் மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே பயணம் செய்தவர்களுக்கு அது பொருந்தாது. முழுமைப் பாலிசி இருந்தால் மட்டுமே பொருந்தும். 2006இல் திலக் சிங் வழக்கிலும், 2012இல் முடிவான பாலகிருஷ்ணன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த வேறுபாடு இது. முழுமைப் பாலிசி இருந்தாலும், வாடகைக்கு ஓட்டியது பாலிசி நிபந்தனை மீறல் என்ற வாதம் அடுத்து வரும். சரக்கு வேனில் கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்பட்டோருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது 2002 டிசம்பரில் வழங்கப்பட்ட ஆஷா ராணி தீர்ப்பு. தகுதிச் சான்றோ அனுமதிச் சீட்டோ இல்லாமை வெறும் தொழில்நுட்பக் குறை அன்று, அடிப்படை மீறல் என்று 2018இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பரீத் பிள்ளை வழக்கில் கூறியது. விபத்து எல்லைக்கு அப்பால் நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்து நீட்டும் தீர்ப்பு இதுதான்.

மிகைச்சுமை பற்றிய தீர்ப்பு இன்னும் கூர்மையானது. இமாச்சலப் பிரதேசத்தில் 42 பயணிகளுக்கான பேருந்தில் 90 பேர் ஏற்றப்பட்டு நேர்ந்த விபத்தில், 2007இல் அஞ்சனா ஷியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: காப்பீடு 42 பேருக்குத்தான். மிக அதிகமான 42 இழப்பீடுகளின் கூட்டுத்தொகையை நிறுவனம் கட்ட வேண்டும். அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். பத்து இருக்கை ஜீப்பில் பதினெட்டுப் பேர் சென்றால், பத்துப் பேருக்குரிய பணத்தைப் பதினெட்டுக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். எஞ்சியதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

யார் அந்த உரிமையாளர்? பல நேரங்களில் அதே காலனியின் இளைஞன். தவணைக்கு வாங்கிய பழைய ஜீப், வட்டி கட்டியதுபோக மிஞ்சுவதில் டீசல், அதிலும் மிஞ்சினால் பிரேக் ஷூ. “முதலில் செலுத்து, பிறகு வசூலி” என்ற நீதிமன்ற வழிமுறை பாதிக்கப்பட்டோருக்குக் கைகொடுக்கும்போதுகூட, வசூல் நடவடிக்கை வந்து நிற்பது அவனுடைய ஓட்டு வீட்டு வாசலில்தான். ஏலத் தோட்டத்தின் முதலாளி இந்தக் கதையில் எங்குமே தலைகாட்டுவதில்லை. அவருடைய உற்பத்திக்குத் தேவையான ஆட்களை அவருடைய வாசல்வரை கொண்டுசேர்க்கும் ஆபத்து முழுவதும் சாதியடுக்கின் அடித்தட்டில் இருப்பவர்களுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகிறது. இதுவே இக்கட்டுரையின் வழக்கு.

கெடுபிடியின் விலை

விபத்துக்குப் பின் இரண்டு வாரம் கெடுபிடி நடக்கும். அப்போது நடப்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாவடிக்கு முன்பே பெண்களை இறக்கிவிட்டு, அவர்கள் நடந்து கடந்தபின் மறுபடி ஏற்றுவார்கள். அல்லது மூன்றரை மணிக்கே வண்டி கிளம்பும். தூக்கம் குறைந்த ஓட்டுநரோடு. வண்டி பிடிபட்டால் அன்றைய கூலி போனது. ஆகவே ஜீப்பை விடுவிக்கக் கோரி மன்றாடுவது பெரும்பாலும் அந்தப் பெண்களே. அதைக் கண்டு “அவர்களுக்கே அக்கறையில்லை” என்று பேசும் அதிகாரிகளை நான் கேட்டிருக்கிறேன்.

வண்டி இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 மார்ச் சாட்சி. கொரோனா முடக்கத்தால் போக்குவரத்து நின்றபோது, தோட்டங்களிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து இறங்கிய ராசிங்காபுரம் பகுதித் தொழிலாளர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். ஒரு குழந்தையும் உயிரிழந்தது.

மிகைப் பயணிகளை ஏற்றியதற்கு ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கும் 194ஏ பிரிவை எல்லா அலுவலர்களும் அறிவார்கள். அதே பிரிவு, கூடுதல் பயணிகளை இறக்கி அவர்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்யப்படும்வரை வண்டி நகரக்கூடாது என்றும் சொல்கிறது. மாற்று வாகனம் என்ற அந்தச் சொல்லை மலைச்சாவடியில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. மகளிர் கட்டணமில்லாப் பேருந்துத் திட்டத்தை மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கும் அறிவிப்பு 2024இல் வந்தபோது நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை ஆகிய பெயர்கள் இருந்தன. ஏலக்காட்டுச் சரிவு இல்லை. விடியலில் மேலே போகவும் மாலையில் கீழே வரவும் தமிழ்நாடு, கேரள அரசுப் பேருந்துகளைக் கூட்டாக இயக்குவது கைக்கெட்டாத கனவன்று. அதுவரை, தொழிலாளரை ஏற்றும் வண்டிகளுக்கு உரிய அனுமதி, தகுதிச் சான்று, பயணிகளுக்கான காப்பீடு ஆகிய மூன்றின் செலவையும் தோட்ட உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை.

இதற்குச் சட்டத்தில் இடமுண்டா? 1958இல் சௌராஷ்டிர உப்பு நிறுவன வழக்கில், கழிமுகத்தைப் படகில் கடந்த உப்பளத் தொழிலாளர்கள் மிகைச்சுமையாலும் மோசமான வானிலையாலும் படகு கவிழ்ந்து மூழ்கினார்கள். அவர்கள் அப்போது வேலையில் இல்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் நிறுவனத்தை விடுவித்தது. பல பத்தாண்டுகள் அந்தப் படகின் நிழல் தொழிலாளர் வழக்குகளின்மேல் விழுந்துகிடந்தது. 2025 ஜூலை 29 அன்று தெய்வசாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு வழி காட்டியது. அதிகாலைப் பணிக்குச் செல்லும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பம் தொடுத்த வழக்கு அது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்துக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்பட்டால், 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி அது வேலையின்போது நேர்ந்த விபத்தே என்றது தீர்ப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே பொருளில் ஒரு விதி உள்ளது.

இந்தப் பாதையில் எஃப்.சி. இல்லை, பலகை வெள்ளை, பதினெட்டாவது ஆள் என்ற வாதங்கள் எடுபடா. பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. கங்காணி அழைத்துவந்த ஆளானாலும் முதன்மை முதலாளி பொறுப்பு என்பதை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தெளிவாகக் கூறியிருந்தது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவின்படி விபத்துத் தீர்ப்பாயம், பணியாளர் இழப்பீடு ஆகிய இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும். தீர்ப்பாயத்துக்குச் செல்வோர், கேரளத்தில் விபத்து நடந்திருந்தாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். அதற்கு ஆறு மாத வரம்பு உண்டு; அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருப்பினும் காலம் தாழ்த்துவது உசிதமன்று. வண்டி எண் தெரிந்தால் எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி.யும் காப்பீடும் எந்தத் தேதிவரை என்று பார்த்துவிடலாம். எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் தம் அம்மாக்கள் ஏறும் ஜீப்புகளின் எண்களை எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

என் கைவசம் உள்ள ஒரு கோப்பில் தோட்டத் தரப்பின் எதிர்வாதம் ஒரே வரி: “மேற்படி பெண் எங்களிடம் வேலை செய்தவரே அல்லர்.” வருகைப் பதிவேடு இல்லை, கூலிச் சீட்டு இல்லை. ஜீப் ஓட்டுநர் வாடகைக் கணக்குக்காக எழுதிவந்த நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, தோட்டத்தின் பெயர், ஏறியவர்களின் பெயர்கள். மழையில் நனைந்து மை சற்றுப் பரவியிருக்கிறது. அவளுடைய பெயர் பதினோரு பக்கங்களில் வருகிறது. அதை ஆவணமாகக் குறியிடக் கோரி மனுச் செய்திருக்கிறேன்.